மகள் பேரில் போட்டது

விருத்தாசலத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சிவக்கொழுந்துவை ஊரில் பாதிப் பேர் வட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். பாவம், அவர் யாருக்கும் பத்து ரூபாய்கூட வட்டிக்கு விட்டதில்லை. எந்த வங்கியில் என்ன வட்டி, தபால் ஆபீசில் என்ன வட்டி, கூட்டுறவு வங்கியில் வயசானவர்களுக்கு எவ்வளவு கூடுதல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதனால் வந்த பேர் அது.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு மற்றவர்கள் சட்டை, கொலுசு என்று வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் கணக்கு ஆரம்பிக்கிற படிவத்தோடு போய் நிற்பார்.

"பேர் வச்சாச்சா?" என்பார்.

"இன்னும் இல்லைங்க. பதினாறாம் நாள்தான் வைக்கணும்."

"சட்டுபுட்டுன்னு வைங்க. பேர் இல்லாம கணக்கு ஆரம்பிக்க முடியாது. மாசம் ஒண்ணு தள்ளிப் போனா மாச வட்டி ஒண்ணு போச்சு."

சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்டும் கொள்வார்கள். ஏனென்றால் அவர் பேச்சைக் கேட்டு ஏமாந்தவர் என்று ஊரில் ஒருத்தரும் கிடையாது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, போட்ட பணம் இரண்டே வருஷத்தில் இரட்டிப்பு என்று கத்திவிட்டுப் போன பைனான்ஸ் கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். அரைச் சதவீதம் கூடுதலாகக் கிடைத்தால் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போவார். ஐந்து சதவீதம் கூடுதலாகத் தருகிறேன் என்று வாசலுக்கே வந்தால் நாயை அவிழ்த்து விடுவார். அப்படி ஒரு மனுஷர்.

அவருக்கு ஒரு குரு உண்டு. ஊர்க் கோடியில் இருக்கும் சன்மார்க்க சங்கத்தில் வருகிறவர்களுக்குச் சோறு ஆக்கிப் போடும் தையல்நாயகி அம்மா. அம்மாவுக்கு நாற்பது வயசுதான் இருக்கும். சிவக்கொழுந்து ஐம்பதைத் தாண்டி நாலு வருஷம் ஆகிறது. இத்தனை வயசுக்கு மேல், தன்னைவிடச் சின்னவளைப் போய்க் குரு என்கிறாரே என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

குரு கிடைத்ததே ஒரு சண்டையில்தான். சங்கத்துக்கு அவர் கொடுத்த அரிசி மூட்டைக்குப் பலகையில் பேர் எழுதவில்லை என்று கேட்கப் போனார். அம்மா சாம்பார் வாளியை அவர் கையில் கொடுத்து, "பந்தி உக்காந்திருக்கு. முதல்ல இதை ஊத்துங்கய்யா" என்றார். கடைசி இலைக்கு ஊற்றி முடித்தபோது எதற்கு வந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அன்றிலிருந்து மாதா மாதம் பூச நாளில் கடையைப் பூட்டிவிட்டுப் பரிமாற வந்துவிடுவார்.

இந்த ஆனி மாதப் பூசத்தன்று ஆள் சரியில்லை. மோர் கேட்டவருக்கு ரசம் ஊற்றினார். அப்பளம் வைத்த இலையிலேயே திரும்ப அப்பளம் வைத்தார். ஒரு பெரியவர், "அய்யா, நான் எழுந்திரிச்சு கை கழுவிட்டு வந்துட்டேன், இன்னும் என் இலையிலயே சோறு போடுறீங்களே" என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

பந்தி கலைந்தது. இலைகளை எடுத்தார்கள். மற்றவர்கள் அண்டா கழுவக் கிணற்றடிக்குப் போனதும், அம்மா அவரைச் சமையல்கட்டு வாசலில் உட்காரச் சொன்னார்.

"கடையில ஏதும் பிரச்சினையாய்யா?"

"கடைக்கு என்னம்மா, நல்லாத்தான் ஓடுது."

"உடம்புக்கு?"

"உடம்பும் நல்லாத்தான் இருக்கு. ஒரு கேள்வி இருக்கும்மா."

"வட்டி பத்தியா?" அம்மாவுக்கும் கேலி செய்யத் தெரியும்.

"வட்டி பத்தித்தான். ஆனா எனக்குத் தெரிஞ்ச பதில் எதுவும் அதுக்குப் பத்த மாட்டேங்குது."

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

சிவக்கொழுந்துவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் குகன், டிகிரி முடித்துவிட்டான். இளையவள் திலகவதி, இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்தாள். அவளுக்கு எட்டு வயசாக இருந்தபோது, பெண் குழந்தைகளுக்கென்று தபால் ஆபீசில் ஒரு சேமிப்புத் திட்டம் இருப்பது இவருக்குத் தெரிய வந்தது. வட்டி எவ்வளவு என்று கேட்டவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வேறு எங்கேயும் அந்த வட்டி கிடையாது. பையன்களுக்கு அப்படி ஒரு திட்டமும் கிடையாது.

"அதனால?" என்றார் அம்மா.

"அதனால ரெண்டு பேருக்கும் சேத்து அவ பேர்லயே போட்டேன். பையன் பேர்ல இருந்த சின்னக் கணக்கையும் மூடிட்டு அதையும் இதுலயே போட்டேன். கிட்டத்தட்ட ரெண்டு சதவீதம் வித்தியாசம்மா. பத்து வருஷத்துல அது எங்க போய் நிக்கும்னு நினைக்கிறீங்க?"

"எங்க போய் நிக்குது?"

"உங்க வாசல்ல வந்து நிக்குது" என்றார் சிவக்கொழுந்து. தன் பேச்சுக்குத் தானே சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

ஒவ்வொரு வருஷமும் திலகாவின் பிறந்த நாளன்று அவளையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் பணம் கட்டுவார். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வருவாள். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் அம்மாள், "என்ன பாப்பா, உன் பணத்தைக் கட்ட வந்தியா?" என்று கேட்பார். "ஆமா, என் பணம்" என்று சொல்வாள். கட்டிவிட்டு வரும் வழியில் ரோஸ் மில்க். பிசியோதெரபி படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டாள். அவளுடைய அம்மாவைப் பெற்ற பாட்டி பக்கவாதத்தில் விழுந்து, ஒரு பெண் வந்து கையையும் காலையும் பிடித்துப் பிடித்து நடக்க வைத்ததைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. செலவுக்கு என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால், "அப்பாதான் போட்டு வச்சிருக்காரே" என்பாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது.

"நல்ல விஷயம்தானே?" என்றார் அம்மா.

"குகனுக்கும் கோயமுத்தூர்ல எம்.பி.ஏ. கிடைச்சிருக்கு. ரெண்டு பேருக்கும் இந்த வாரமே கட்டணும். அந்தக் கணக்குல அவ படிப்புக்குன்னு காட்டினா பாதிதான் எடுக்க விடுவாங்க. அது ஒருத்தர் செலவுக்குத்தான் வரும். பதினெட்டு முடிஞ்சிட்டதால கையெழுத்து அவதான் போடணும்."

"அவ படிப்புக்குன்னுதானே எடுக்கப் போறீங்க?"

சிவக்கொழுந்து தரையைப் பார்த்தார்.

"சேர்க்கைக் கடிதம் அவளோடது. பணம் குகனுக்கு."

"திலகாவுக்கு?"

"இங்கயே காலேஜ்ல பி.காம். படிக்கட்டும். வீட்டுச் சாப்பாடு. சாயங்காலம் வீடு வந்து சேந்துடலாம். எப்படியும் இன்னொருத்தர் வீட்டுக்குப் போகப் போற பொண்ணுதானே." சொல்லி முடித்த பிறகு அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கே பிடிக்கவில்லை. மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வேற பணமே இல்லையா?"

"இருக்கு. என் பேர்ல கூட்டுறவு வங்கியில ஒரு வைப்பு கெடக்கு. வயசான காலத்துக்குன்னு போட்டது. இன்னும் ஒண்ணரை வருஷம் கெடந்தாத்தான் பேசின வட்டி. இப்ப முறிச்சா வட்டியில ஒரு பங்கு போயிடும். இவ்வளவு நாள் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு நானே போய் அப்படி முறிக்கலாமா?"



"திலகாகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"முந்தாநாள் சொன்னேன். அண்ணன் பங்கும் அதுலதாம்மா இருக்குன்னு விவரமா எடுத்துச் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"சரிப்பான்னா. எதிர்த்து ஒரு கேள்வி கேக்கல. அப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "நாளைக்குக் காலையில தபால் ஆபீஸ் திறந்ததும் நீட்ட வேண்டியதுதான்."

"அப்புறம் என்ன கேள்வி?"

சிவக்கொழுந்து மடமடவென்று சொன்னார்.

"போட்டது என் பணம். ரெண்டு பிள்ளைக்கும்னு நினைச்சுத்தான் போட்டேன். எங்க வட்டி கூடவோ அங்க போட்டேன், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. பொண்ணும் சம்மதிச்சுட்டா. எந்தப் பக்கம் பாத்தாலும் சரியாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு நாளா சோறு இறங்க மாட்டேங்குது. ஏம்மா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஆள் அரவம் கேட்டது. இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி தெருத் தெருவாகக் கோலமாவு விற்கிறவள். முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. இன்னொருத்தர் கரும்பு லாரி டிரைவர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருந்தார்.

"சோறு ஆயிடுச்சுங்களா?" என்றாள் கோலமாவுக்காரி, ஆகியிருக்கும் என்ற முகத்தோடு.

"இருக்கு. கை கால் கழுவிட்டு வாங்க" என்றார் அம்மா. பிறகு சிவக்கொழுந்துவைப் பார்த்து, "இலை போடுங்கய்யா" என்றார்.

இலைக்கட்டில் மிஞ்சியிருந்தது இரண்டே இலை. ஒன்று நல்ல நுனி இலை, அகலமாக, பச்சைப்பசேலென்று. மற்றது நடுவில் கிழிந்தது. சிவக்கொழுந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்தார். சோறும் குழம்பும் இருந்தன. கேசரி மட்டும் சட்டியின் அடியில் இரண்டு பங்கு.

"எந்த இலை நல்ல இலை?" என்று கேட்டார் அம்மா.

"இதுல என்னம்மா சந்தேகம்? நுனி இலைதான்."

"கிழிசல்ல கேசரி வச்சா?"

"குழம்பு ஓடி வந்து நனைச்சிடும்."

"அப்ப ரெண்டு பேர் பங்கையும் நுனி இலையிலயே வச்சிடுங்க. அங்க இருந்தா நல்லா இருக்கும்."

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேசரியை இரண்டு உருண்டையாகக் கரண்டியில் எடுத்து நுனி இலையின் ஓரத்தில் வைத்தார். ஒன்றின் மேல் ஒரு முந்திரி இருந்தது. மற்றதில் இரண்டு.

கை கழுவிவிட்டு இருவரும் வந்தார்கள். அம்மா கோலமாவுக்காரியை நுனி இலையிலும் டிரைவரைக் கிழிந்த இலையிலும் உட்காரச் சொன்னார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். இலையைப் பார்த்தாள். நாள் முழுக்க வெயிலில் கூவிக்கொண்டு திரிந்த அந்த முகம் அப்படியே மாறிவிட்டது.

"ரெண்டா?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. "கேசரி தின்னு ஒரு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுச் சின்னதுக்கு மொட்டை போட்டப்பத் தின்னது."

சிவக்கொழுந்துவுக்கும் சந்தோஷமாக இருந்தது. சோறு போட்டார். குழம்பு ஊற்றினார். டிரைவர் இலையில் குழம்பு கிழிசல் வழியே ஓடித் தரைக்குப் போனது. அவர் சோற்றால் அணை கட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா" என்றார் அம்மா. "அதுல ஒண்ணு அவர் பங்கு. எடுத்து அந்த இலையில வைங்க."

சிவக்கொழுந்து கரண்டியோடு குனிந்தார்.

கோலமாவுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு இலையை அவர் பக்கமாகச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

"எடுத்துக்குங்கய்யா. எனக்கு ஒண்ணே போதும்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். சோற்றைக்கூடத் தொடவில்லை.

கரண்டி இலைக்கு மேலேயே நின்றுவிட்டது. சிவக்கொழுந்து வளர்ந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ஆள் உட்கார்ந்த இலையில் வைத்துவிட்டால் வைத்ததுதான். பக்கத்து இலையில் புது மாப்பிள்ளையே உட்கார்ந்திருந்தாலும் இதிலிருந்து எடுத்து அதில் வைக்க மாட்டார்கள். அவர் கையைக் கீழே இறக்கவும் முடியாமல் விலக்கவும் முடியாமல் நின்றார். டிரைவர் தர்மசங்கடத்தில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேணாங்கம்மா" என்றார் டிரைவர். "அவங்களே சாப்பிடட்டும்."

"உங்களுக்கும் உண்டு" என்றார் அம்மா. "கொஞ்சம் நேரம் ஆகும். உக்காருவீங்கல்ல?"

"உக்காரலாங்க. லோடு எங்கயும் ஓடிடாது."

சிவக்கொழுந்து கரண்டியை விலக்கிக்கொண்டார். "நீங்க சாப்பிடுங்கம்மா. ரெண்டும் உங்களுக்குத்தான்" என்றார். அவள் நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டியதும் முதலில் கேசரியில்தான் கை வைத்தாள்.

"ரவை டப்பா மேல் தட்டுல இருக்கு" என்றார் அம்மா. "அடுப்பு அணைஞ்சு போச்சு. அவருக்குப் புதுசா கிண்டுங்க."

"நானா?"

"நீங்கதானே வச்சீங்க."

சிவக்கொழுந்து உள்ளே போனார். விறகு ஈரமாக இருந்தது. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் புகை. நெய் எங்கே, சர்க்கரை எங்கே என்று தேடுவதற்குள் நெற்றியில் வியர்வை ஓடியது. ரவையை வறுத்தார். கொதிக்கும் தண்ணீரில் கொட்டியதும் அது இறுக ஆரம்பித்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை விடாம கிளறுங்க. கட்டி தட்டிடும்."

"கை கழண்டுடும் போல இருக்கும்மா."

"ஒருத்தருக்குத்தானே. சீக்கிரம் ஆயிடும்."

அவர் கிளறிக்கொண்டே இருந்தார். கூடத்தில் கோலமாவுக்காரி ரசம் கேட்டாள். அம்மா எழுந்து போய் ஊற்றிவிட்டு வந்தார். சிவக்கொழுந்துவுக்கு அம்மா என்ன சொல்ல வருகிறார் என்று புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் கோபம் வந்தது.

"அம்மா, இதுவும் அதுவும் ஒண்ணு இல்ல" என்றார், அடுப்பைப் பார்த்தபடியே.

"எது?"

"அந்தம்மா யாரோ எவரோ. வழியில வந்தவங்க. திலகா என் பொண்ணு. நான் பெத்தவன். அவளுக்கு நான் கெடுதல் நினைப்பேனா? அவ மனசாரத்தான் சரின்னா."

"இந்தம்மாவும் மனசாரத்தான் எடுத்துக்குங்கன்னாங்க. நீங்க ஏன் எடுக்கல?"

சிவக்கொழுந்து கிளறுவதை நிறுத்தினார். அடியில் பிடிக்கும் வாசனை வந்தது. திரும்பவும் வேகமாகக் கிளறினார்.

"எப்படிம்மா எடுக்கிறது?" என்றார்.  "ரெண்டு இருக்குன்னு பாத்ததும் அந்த முகம் எப்படி மலர்ந்துச்சு. எடுத்துக்குங்கன்னு சொல்றப்ப அதே முகம் எப்படி ஆயிடுச்சு. ரெண்டையும் நான் பாத்தேனே. பாத்துட்டு எடுக்கக் கை வருமா?"

அம்மா சர்க்கரையை அளந்து சட்டியில் கொட்டினார். அது கரைந்ததும் கேட்டார்.

"அய்யா, முந்தாநாள் திலகா சரிப்பான்னு சொன்னா இல்ல. அப்ப அவ முகம் எப்படி இருந்துச்சு?"

சிவக்கொழுந்து நினைத்துப் பார்த்தார். தபால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று, கையெழுத்துப் பிசகாமல் விழுகிறதா என்பதைத்தான் அவர் அப்போது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.